பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: சட்டமும் சகதுணையும்

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கியது திருச்சியில்தான், 1997இல். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கும் புத்தூர், எங்கள் உறையூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும், பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ள பிள்ளை அங்கே போய்ச் சேருமுன் வீட்டில் கேட்கும் பேச்சு: திமிர், கொழுப்பு, நடிப்பு. அடுத்த யோசனை, "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்." இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. நெருங்கியவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பதற்றமே இந்த நோயின் மையம். அந்தப் பதற்றத்தோடு ஒரு புது வீட்டுக்கு அனுப்புவது இரண்டு உயிர்களை அல்லாட விடுவது.

நெருங்கியவர் போனை எடுக்காவிட்டால் கைவிட்டுவிட்டார்கள் என்று மனதில் உறுதியாகிவிடும். காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் துரோகியாகத் தெரிவார். உள்ளே தீராத வெறுமை. சிலர் அதைத் தாங்க முடியாமல் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள்.

இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூட வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து தருவார்கள். முக்கிய சிகிச்சை பேச்சுவழிப் பயிற்சிதான். அதில் பெயர்பெற்ற டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) முறையை வகுத்த மார்ஷா லினஹான், தானே இளம்வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனை இந்தக் கோளாறு உள்ள 290 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்தது. நூற்றுக்கு 93 பேருக்கு அறிகுறிகள் இரண்டு ஆண்டாவது தணிந்திருந்தன. ஆனால் வேலையும் உறவும் நிலைப்பட்டு முழுதாக மீண்டவர்கள் பாதிப் பேர்தான்.

சட்டத்துக்கு வருவோம். தற்கொலை முயற்சி என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, மருத்துவரிடம் பொய் சொல்லும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அந்தப் பொய்யில் சிகிச்சைக்கான நேரம் போய்விடுகிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. உண்மையைச் சொல்லுங்கள்.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதற்கு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் முழுத் தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கட்டப்பட்ட நிலையில் மனநோயாளிகள் 28 பேர் எரிந்து இறந்ததை நாம் மறக்கக் கூடாது. நோய் விவரத்தை மருத்துவர் மாப்பிள்ளை வீட்டுக்கோ முதலாளிக்கோ சொல்ல முடியாது. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு இணையாக மனநோயையும் சேர்க்க வேண்டும். நிறுவனம் மறுத்தால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் புகார் தரலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

உறையூர் வெக்காளியம்மன் கோவில் சூலத்தில் மனக்குறையைச் சீட்டில் எழுதிக் கட்டுகிற ஊர் இது. சட்டமும் அப்படி ஒரு சீட்டுக்கு இடம் தருகிறது. நெருக்கடியில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசலாம் என்று, தெளிவாக இருக்கும்போதே முன்கூட்டி எழுதி மனநல மறுஆய்வு வாரியத்தில் பதியலாம். சார்பாளர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டோடுதான் சண்டை என்றிருப்பவருக்கு இது பெரிய பலம். அவசர சிகிச்சையை மட்டும் இந்தச் சீட்டு தடுக்காது.

முன்பு சொன்ன, முழுதாக மீளாத பாதிப் பேருக்குத்தான் சகதுணை, அதாவது இதே நோயை அனுபவித்தவர்களின் துணை, தேவைப்படுகிறது. இதே அலையைக் கடந்த ஒருவர் "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லும்போது இறங்குகிற பாரம், எத்தனை அறிவுரையாலும் இறங்குவதில்லை. ஆனால் ஒரே ஆளைப் பற்றிக்கொண்டால், அவர் ஒருநாள் வராததே புது நெருக்கடியாகும். ஆகவே நாலைந்து பேராக, குறித்த நாளில், பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில் கூடுவது நல்லது. காயப்படுத்திக்கொண்ட விதத்தை விவரிக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் காக்கக் கூடாது. இவ்விரண்டையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். இப்படி ஒரு கூட்டம் இல்லையென்றால், நீங்கள் போகும் மனநலப் பிரிவில் தொடங்கித் தரும்படி கேளுங்கள். அதுவரை, நள்ளிரவிலும் தமிழில் பேச டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசம்.