எடைக்குப் போன பாடப்புத்தகம்

கணினி வீட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைப் பற்றிய தாள் வந்துசேர்ந்தது என்பது, தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் அண்மைக்கால வரலாற்றில் பெரிதும் கவனிக்கப்படாத செய்தியாகும். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும், அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் அடையும் போடிமெட்டு வரையிலான ஏலக்காய்ச் சரிவுகளிலும், 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் சொந்தக் கணினி வைத்திருந்தோர் மிகச் சிலரே. ஆயினும், ‘தினமலர்’ நாளிதழோடு திங்கட்கிழமைகளில் இணைப்பாக வந்த ‘கம்ப்யூட்டர் மலர்’, தனி இதழாக வெளிவந்த ‘தமிழ் கம்ப்யூட்டர்’ ஆகியவற்றைப் படிக்கக் கணினி வேண்டியிருக்கவில்லை. அவ்விதழ்கள் என்ன செய்தன, அவற்றின் தாள்கள் இன்று எங்கே உள்ளன என்னும் இரு கேள்விகளில் இரண்டாவதே அவசரமானது.

தட்டச்சு செய்து ஆடிய விளையாட்டு

அமெரிக்காவில் 1974இல் ‘கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்’, 1975 செப்டம்பரில் ‘பைட்’, 1981இல் விளையாட்டுகளுக்கென்றே ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ எனத் தோன்றிய இதழ்களும், 1981 நவம்பரில் பிரிட்டனில் தொடங்கிய ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ இதழும் இத்துறையின் முன்னோடிகள். அக்கால இதழ்கள் பலவும் விளையாட்டின் நிரலையே, அதாவது கணினிக்கு இடும் கட்டளைகளின் வரிசையையே, ‘பேசிக்’ என்னும் எளிய கணினிமொழியில் பக்கம் பக்கமாக அச்சிட்டன. வாசகர் அதை வரிவரியாகத் தட்டச்சு செய்து, பாட்டுக் கேட்கும் கேசட்டிலேயே பதிந்து வைத்துக்கொண்டார். ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் விளையாட்டு ஓடாது என்பதால், விடுபட்டதைத் தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்பே அந்தத் தலைமுறைக்கு நிரல் எழுதக் கற்பித்தது.

இந்தியாவில் அத்தகைய சிறு கணினி, 1984இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினித் திட்டத்தில் ‘பிபிசி மைக்ரோ’ என்ற வடிவில் வந்தது. எனினும் அது பள்ளியின் பொருளாகவே இருந்தது, வீட்டின் பொருளாகவில்லை. ஆகவே 1982இல் தொடங்கிய ‘டேட்டாகுவெஸ்ட்’ அலுவலகத்தையும் தொழில்துறையையும் நோக்கியும், 1987இல் தொடங்கிய ‘பிசி குவெஸ்ட்’ கணினியைக் கையாள்வோரை நோக்கியும் எழுதின. 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியபோதும், தொலைபேசிக் கம்பியின் வழியே ஒரு மென்பொருளை இறக்குவது மணிக்கணக்கான வேலையாக இருந்ததால், இதழோடு இணைத்துத் தரப்பட்ட குறுந்தட்டு, அதாவது சிடி, பலருக்கு இதழினும் பெரிய ஈர்ப்பாயிற்று. 2001இல் வந்த ‘டிஜிட்’ அந்த ஈர்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டது. 2003இல் விளையாட்டுக்கென ‘ஸ்கோர்’ இதழும் வந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் ‘டிவி கேம்’ கருவிக்கோ, கேசட் எனப்பட்ட விளையாட்டுப் பெட்டியைச் செருகத் தெரிந்தாலே போதுமென்பதால், இதழின் துணை தேவைப்படவில்லை.

சமையல் குறிப்பின் நடை

தமிழில் கணினியைப் பொதுவாசகருக்கு அறிமுகப்படுத்தியதில் ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ எழுதிய சுஜாதா போன்றோரின் பங்கு பலமுறை பேசப்பட்டுவிட்டது. அறிமுகத்துக்கு அடுத்த படியான பயிற்றுவித்தலைச் செய்தவை இந்த இதழ்களே. எந்தப் பட்டியைத் திறப்பது, எதை அழுத்துவது, அழுத்தியபின் திரையில் என்ன தோன்றும் என்று படிப்படியாகச் சொல்வதற்குத் தமிழில் ஏற்கெனவே பழகிய நடை ஒன்று இருந்தது. அது பெண்கள் பக்கத்துச் சமையல் குறிப்பின் நடை. ‘தாளிக்கவும்’, ‘இறக்கவும்’ என்று பணிவும் கட்டளையும் கலந்து முடியும் அதே ‘வும்’ விகுதியோடு ‘கிளிக் செய்யவும்’, ‘சேவ் செய்யவும்’ என்னும் வாக்கியங்கள் அமைந்தபோது, கணினியைத் தொட்டறியாத வாசகருக்கும் அது அயலாகத் தோன்றவில்லை.

கலைச்சொற்களும் அங்கேதான் உரசிப் பார்க்கப்பட்டன. கம்ப்யூட்டர், கணிப்பொறி, கணினி ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் வழங்கின. மவுஸ் சுட்டியாயிற்று, ஹார்ட் டிஸ்க் வன்தட்டாயிற்று. சில சொற்கள் நிலைத்தன, சில உதிர்ந்தன. அகராதி முடிந்த முடிவை மட்டும் காட்டும். எந்தச் சொல் எந்த ஆண்டில் எதனோடு போட்டியிட்டது என்பதைக் காட்டக்கூடிய சான்று வாரத் தாள்களிலேயே உண்டு.

போடிக்கு இச்சான்று இன்னும் நெருக்கமானது. ஏலம் என்னும் ஒரே சொல்லால் விளைபொருளையும் விற்கும் முறையையும் குறிக்கும் இந்த ஊரில், 2007ஆம் ஆண்டளவில் ஏலக்காய் ஏலம் மின்னணு முறைக்கு மாறி, குரல் எழுப்பி விலை கேட்ட வணிகர்கள் கணினித் திரைமுன் அமர்ந்து விலை பதியத் தொடங்கினர். எவ்வளவு காய் என்ன விலைக்குப் போயிற்று என்பதை ஏலக் கணக்குகள் சொல்லும். அத்திரையை அணுகும் துணிவை ஊர்மக்கள் எதைப் படித்துப் பெற்றனர் என்பதைச் சொல்லா.

பொட்டலமான சான்று

பயன்பட்ட பொருளே முதலில் அழிகிறது. இலக்கிய இதழைத் தைத்துக் கட்டிச் சேர்த்துவைப்போர் உண்டு; ‘விண்டோஸ் 98’ குறிப்புகள் அச்சான இணைப்பை, அந்தப் பதிப்பு வழக்கொழிந்தபின் எவர் வைத்திருப்பர்? அது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போய், பெட்டிக்கடையில் பொட்டலமாயிற்று. எஞ்சியவற்றுக்கு மலையே பகை. ஏலச்செடியை வளர்க்கும் ஈரமும் மூடுபனியும் தாளில் பூஞ்சணத்தையும் இராமபாணப் பூச்சியையும் வளர்க்கின்றன. பதிப்பாளர்கள் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படிகள் அனுப்ப வேண்டுமென்னும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவற்றையே பேசுவதால், உடன்வந்த குறுந்தட்டு அதன் எல்லைக்குள் வருவதில்லை. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளில், அதாவது எழுத்துக்கு எண் வழங்கும் வெவ்வேறு ஒழுங்குகளில், அமைந்திருந்தமையால், பக்கம் அமைத்த கோப்பு எங்கேனும் கிடைத்தாலும், உரிய எழுத்துரு இன்றித் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கையில் பழந்தாள் எதற்கு என்று கேட்போரும் உளர். ஆங்கில இதழ்களுக்கு அது பெருமளவு பொருந்தும். அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2025 ஜனவரியில் திறந்த மின்னூலகத்தில் 1,500க்கும் மேற்பட்ட பழைய விளையாட்டு இதழ்களைப் பக்கம் தவறாமல் படிக்கலாம். தமிழில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஈழத்து நூல்களுக்கென 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் பழந்தாளை மின்வடிவில் காக்கும் முறையை முன்பே காட்டிவிட்டன. இனி வேண்டுவது அட்டைப்பெட்டியிலும் பரணிலும் எஞ்சியுள்ள தாள்களைத் தேடியெடுப்பதே. பறித்த காயை உடனே ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்தாவிட்டால் பச்சை நிறம் போய்விடும் என்பதைத் தொழிலாகவே அறிந்த சரிவில், அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் சில கட்டுத் தாள்களை உலர்த்தி எடுத்துவைப்பது புதிதாகக் கற்க வேண்டிய வேலையன்று.