நூற்குறியும் நங்கூரமும்

தேடிய இடத்தை நூலிலே கண்டடையும் தொல்லை தமிழருக்குப் புதியதன்று. சுவடியின் ஏட்டுக்கு எண்ணிட்டனர் முன்னோர். அச்சுக்காலம் வந்ததும் பதிப்பாசிரியர்கள் செய்யுள் முதற்குறிப்பகராதியைச் சேர்த்தனர். உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளைக் கையாண்டோர் அதன் அருமையை அறிவர். பாட்டின் முதற்சொல் நினைவிலிருந்தாற் போதும், பாட்டு அகப்பட்டுவிடும்.

திரையிற் படிக்கும் இந்நாளில் அத்தொல்லை வேறு வடிவில் மீண்டிருக்கிறது. 200 பக்கப் பாடக்குறிப்பொன்றை ஆசிரியர் இணையவழி அனுப்புகிறார். ‘முன்னர்க் கூறியாங்கு’ என அதில் ஓரிடத்தில் வருகிறது. முன்னர் என்றால் எங்கே? கைப்பேசியில் விரல் தேயத் தள்ளித் தேடும் மாணவன் பாதிவழியில் ஓய்ந்துவிடுகிறான். பக்க எண்ணைக் குறித்தாலும் பயன் சிறிதே. இடையில் ஒரு பந்தியைச் சேர்த்தால் 40ஆம் பக்கத்துச் செய்தி 41ஆம் பக்கத்துக்குப் போய்விடும்.

இதற்கு மருந்துதான் ஆவணத்துள் இடும் நூற்குறி. அது பக்கத்தைப் பற்றுவதன்று, சொல்லைப் பற்றுவது. சொல் நகர்ந்தால் குறியும் உடன் செல்லும். 1989இல், ஜெனீவாவை அடுத்த ஐரோப்பிய அணு ஆய்வு நிலையத்திலே, பின்னர் உலகளாவிய வலையாக விரிந்த திட்டத்தை முன்மொழிந்தவர் ரிம் பேர்ணேர்ஸ்-லீ. வலைக்கென அவர் வகுத்த குறிமொழியில் இணைப்பைச் சுட்டும் எழுத்து ‘ஏ’. நங்கூரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. கடலோரத்தாராகிய நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

ஆயின், நங்கூரம் அறுவதும் உண்டு. குறியிட்ட வரியை அழித்தாற் குறியும் அழியும். வேர்ட் செயலியில் ஒரு தலைப்பை நீக்கிவிட்டுப் பொருளடக்கத்தின் பக்க எண்களை மட்டும் புதுப்பித்தால், எண் நிற்கவேண்டிய இடத்தில், குறி வரையறுக்கப்படவில்லை என்னும் பொருள்பட ஆங்கில வாக்கியமொன்று தடித்த எழுத்தில் வந்து நிற்கும். நான் மெய்ப்புப் பார்த்த மலரொன்றில் அவ்வாக்கியம் மூன்று இடங்களில் அச்சேறிவிட்டது. கட்டுரையாளரை நோவதற்கில்லை, இறுதியிலே ஒருமுறை பாராத குற்றம் என்னுடையது.

மின்னஞ்சல் இணைப்பின் இயல்பு வேறு. அதை அழுத்தியதும் கடிதத்தாள் தானே விரியும்; பெறுநர் முகவரியும், நாம் விரும்பினால் விடயத் தலைப்பும் முன்னமே நிரம்பியிருக்கும். ஆசிரியருக்கு எழுதக் கூசும் பிள்ளைக்கு இது பேருதவி. எனினும், பொது ஆவணத்தில் இட்ட முகவரியை மனிதர் மட்டும் படிப்பதில்லை. முகவரி பொறுக்குவதற்கென்றே இயங்கும் நிரல்கள் இணையத்தில் உலவுகின்றன. அன்றியும், ஆசிரியர் இடமாற்றம் பெற்றால் அவரது பெயரிலுள்ள பணி முகவரி முடங்கலாம். துறைக்கெனப் பொதுமுகவரி ஒன்று வைத்துக்கொள்வதே நன்று.

அம்மலரின் இணையப் பதிப்பை வெளியிடுமுன் இணைப்புகள் யாவற்றையும் என் கணினியில் அழுத்திப் பார்த்தேன், எல்லாம் திறந்தன. ஐயந்தீர, மாணவி ஒருத்தியின் கைப்பேசியிலும் பார்க்கச் சொன்னேன். நான்கு இணைப்புகள் அவளிடம் அனுமதி கேட்டன. என் கோப்புகளாதலின் எனக்கு மட்டுமே கதவு திறந்திருந்தது! அன்றிரவே அனுமதிகளை மாற்றினோம். மலர் மறுநாள் வெளிவந்தது.