பெட்ரோல் ஆவியின் கணக்கு

பெட்ரோல் நிலையமொன்றிலிருந்து காற்றில் கலக்கும் ஆவியின் அளவு பெரும்பாலும் நேரடியாக அளக்கப்படுவதில்லை. லிட்டருக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று முன்பே வகுக்கப்பட்ட ஓர் எண்ணை, அதாவது உமிழ்வுக் காரணியை, விற்பனையான லிட்டர்களால் பெருக்கியே அது மதிப்பிடப்படுகிறது. அந்த ஆவியில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் இருப்பதாலும், வெயிலில் அது நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோன் உருவாகக் காரணமாவதாலும், இக்கணக்கு பொதுநலம் சார்ந்ததாகிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஏபி-42 என்னும் தொகுப்பு இந்த இழப்பைப் பல வாயில்களாகப் பிரிக்கிறது. டேங்கர் லாரி நிலத்தடித் தொட்டியை நிரப்பும்போது, உள்ளே இறங்கும் பெட்ரோல் அங்கிருந்த ஆவியை வெளியே தள்ளுகிறது. பெட்ரோல் மேலிருந்து சிதறி விழுந்தால் லிட்டருக்கு 1,380 மில்லிகிராமும், குழாயின் நுனி அடிவரை இறங்கியிருந்தால் 880 மில்லிகிராமும் இழப்பாகும். வெளியேறும் ஆவியை மற்றொரு குழாய் வழியே லாரிக்கே திருப்பி அனுப்பினால் இழப்பு 40 மில்லிகிராமாகச் சுருங்கிவிடும். வாகனத்தின் தொட்டியை நிரப்பும்போது, தடுப்பு ஏதும் இல்லையெனில், 1,320 மில்லிகிராம் வெளியேறும். மாதம் 3 லட்சம் லிட்டர் விற்கும் நிலையத்துக்கு இந்த ஒரு வாயிலில் மட்டும் ஏறத்தாழ 396 கிலோகிராம் என்று கணக்கு வரும். சிந்துவதால் ஏற்படும் இழப்பு 80 மில்லிகிராம். இவை பொதுநிலை எண்களே. பெட்ரோலின் ஆவி அழுத்தமும் வெப்பநிலையும் மாறினால் உண்மை அளவும் மாறும்.

இக்கணக்கில் சிக்கல் மிகுந்த இடம், நிலத்தடித் தொட்டியின் அழுத்தத்தைச் சமன்செய்ய உயரமாக நிறுத்தப்பட்டிருக்கும் காற்றுப்போக்கிக் குழாய் ஆகும். தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. அக்காற்று ஆவியால் நிறையும்வரை பெட்ரோல் மேலும் ஆவியாகி அழுத்தம் கூடுவதால், எஞ்சியது குழாய் வழியே வெளியேறுகிறது. இந்த ‘மூச்சு’ இழப்புக்கு ஏபி-42 தரும் எண் 120 மில்லிகிராம்.

வாகனம் நிரப்பும்போது எழும் ஆவியைத் தடுக்க அமெரிக்காவில் இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, நாசிலே ஆவியை உறிஞ்சி நிலத்தடித் தொட்டிக்கு அனுப்புவது. மற்றொன்று, 1998 முதல் புதிய கார்களில் படிப்படியாகப் பொருத்தப்பட்ட கரிப்பெட்டி, ஆவியைக் காருக்குள்ளேயே பிடித்துவைப்பது. தனித்தனியே இரண்டும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் கார் தன் ஆவியைத் தானே வைத்துக்கொள்ளும்போது உறிஞ்சும் நாசிலுக்குக் கிடைப்பது வெறும் காற்று; அக்காற்று நிலத்தடித் தொட்டிக்குள் சென்று, மேலே சொன்ன மூச்சு இழப்பைப் பெருக்கிவிடுகிறது. மாசைக் குறைக்க வந்த இரு கருவிகள் ஒன்றுசேர்ந்து மாசுக்குப் புதிய வழி திறப்பதைப் பழைய காரணிகள் எதிர்பார்த்திருக்கவில்லை. கரிப்பெட்டி பரவலாகிவிட்டதைக் காரணம் காட்டி, நாசில் வழி மீட்பு கட்டாயம் என்ற விதியைக் கைவிட 2012-இல் அந்த முகமை மாநிலங்களுக்கு இடமளித்தது.

எண்ணை நம்பாமல் குழாயையே அளந்தால் என்ன தெரியவரும் என்பதைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் மார்க்குஸ் ஹில்பெர்ட்டும் அவருடைய குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் இரண்டு நிலையங்களில் காற்றுப்போக்கிக் குழாய்களில் ஓட்டமானி பொருத்தி அவர்கள் அளந்தபோது, ஒன்றில் 1,000 லிட்டருக்குச் சுமார் 0.17 கிலோகிராம் ஆவியும், மற்றொன்றில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வெளியேறியது. கலிபோர்னியாவில் நிலையங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையிலான தொலைவை வகுக்கப் பயன்பட்ட மதிப்பீட்டைவிட இது 10 மடங்குக்கும் மேல் ஆகும்.

சராசரி என்பதும் இங்கே ஓரளவு மறைப்பாகவே செயல்படுகிறது. ஆவி ஆண்டு முழுவதும் சீராகக் கசியாமல் சில மணி நேரங்களில் குவிந்து வெளியேறுவதால், ஆண்டுச் சராசரியில் அடங்கிப்போகும் அளவும் அந்தந்த மணி நேரத்தில் அருகில் வசிப்பவருக்கு வரம்பு மீறியதாகலாம். அளந்த எண்களைக் காற்றுப் பரவல் கணிப்பில் இட்டபோது, பென்சீனுக்கான ஒரு மணி நேர வரம்பு 160 மீட்டர் தொலைவிலும் மீறப்படக்கூடும் என்று தெரிந்தது. மிகப் பெரிய நிலையங்களுக்குக் கலிபோர்னியா பரிந்துரைத்திருந்த இடைவெளியோ 300 அடி, அதாவது சுமார் 91 மீட்டர்.