மட்டி வளம்

இரண்டு ஓடுகளால் மூடப்பட்ட மெல்லுடலிகளுள் மட்டியும் ஒன்று. கடலோர மணலிலும் கழிமுகங்களிலும் புதைந்து வாழும் இதனைக் கரையோர மக்கள் நெடுங்காலமாக உணவாகக் கொள்கின்றனர்.

மட்டிக்குத் தலை இல்லை. தசையாலான ஒற்றைக் காலால் மணலைத் தோண்டும். அதன் உடலில் இரு குழல்கள் உள்ளன. ஒன்றன் வழியே நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிரிகளைச் செவுள்களால் வடித்து உண்ணும். மற்றொன்றன் வழியே நீரை வெளியேற்றும். குழல் குறுகிய இனங்கள் ஆழமாகப் புதைவதில்லை. ஆதலின் அவற்றைச் சேகரிப்பது எளிது. அந்த எளிமையே அவற்றின் அழிவுக்கும் வழிவகுக்கக்கூடும்.

கேரள மாநிலம் கொல்லத்திலுள்ள அஷ்டமுடிக் காயல் இதற்குச் சான்றாகும். வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் தேவையால் 1981இல் அங்கு வணிக நோக்கிலான மட்டி சேகரிப்புத் தொடங்கியது. 1991இல் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னை எட்டிய விளைச்சல், அளவிறந்து அள்ளியதால் 1993இல் பாதியாகக் குறைந்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேரின் வாழ்வாதாரம் கேள்விக்குறியானது.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் வழிகாட்டின. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சேகரிப்பு நிறுத்தப்பட்டது. குஞ்சுகள் தப்பிச் செல்லும் வகையில் வலைக்கண்ணின் அளவு வரையறுக்கப்பட்டது. இயந்திரப் பயன்பாடும் தடைசெய்யப்பட்டது. வளம் மீண்டது. 2014இல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் பன்னாட்டு அமைப்பின் சான்றிதழை இந்தியாவிலேயே முதலாவதாக இம்மட்டி மீன்பிடிப்பு பெற்றது.

மூன்று திங்கள் வருவாயைத் துறக்க மீனவர் இசைந்ததாலேயே எஞ்சிய ஒன்பது திங்களும் அவர்களுக்குத் தொழில் நிலைத்தது.