பப்பாளிக்காயில் தாய்லாந்து ‘சோம் தாம்’: வீட்டிலேயே செய்வது எப்படி? யார் சாப்பிடக் கூடாது?

வாடிப்பட்டி பக்கம் வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரம் இருந்தால், காய்க்கு வழக்கமாக ரெண்டே வேலைதான். ஒன்று, கூட்டு. இன்னொன்று, மட்டன் சீக்கிரம் வேக ஒரு துண்டு. அதே காயை தாய்லாந்தில் வேகவைக்காமல், அப்படியே சாலட்டாகச் சாப்பிடுகிறார்கள். அதன் பெயர் ‘சோம் தாம்’.

பெயரிலேயே செய்முறை இருக்கிறது. ‘சோம்’ என்றால் புளிப்பு, ‘தாம்’ என்றால் இடிப்பது. தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதியிலும் பக்கத்து நாடான லாவோஸிலும் இது தினசரிச் சாப்பாடு.

இதில் சேரும் பப்பாளி, மிளகாய், தக்காளி, வேர்க்கடலை நான்குமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நமக்கும் அப்படித்தான். அதனால் பொருட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

என்னென்ன வேண்டும்? (2 பேருக்கு)

துருவிய பப்பாளிக்காய் 2 கப், பூண்டு 2 பல், பச்சை மிளகாய் 2, காராமணிக்காய் 3, சின்னத் தக்காளி 2, வறுத்த வேர்க்கடலை 2 ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 ஸ்பூன். பனைவெல்லத்துக்கு நம்ம கருப்பட்டி 1 ஸ்பூன். உலர்ந்த இறாலுக்கு, வெறும் சட்டியில் வறுத்த இறால் கருவாடு 1 ஸ்பூன். ஃபிஷ் சாஸ் 1 ஸ்பூன். கிடைக்காவிட்டால் உப்பு போதும். சைவம் என்றால் கருவாட்டை விட்டுவிட்டு சோயா சாஸ் சேர்க்கலாம்.

எப்படிச் செய்வது?

தோல் கரும்பச்சையாக, அழுத்தினால் அமுங்காத காயாக எடுங்கள். தோல் சீவி, பால் போகக் கழுவி, நீளநீளமாகத் துருவுங்கள். குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, நன்றாக வடித்துவிடுங்கள்.

உரலில் பூண்டு, மிளகாயை ஒன்றிரண்டாக இடியுங்கள். கருப்பட்டி, கருவாடு, ஒடித்த காராமணி சேர்த்து நசுக்குங்கள். எலுமிச்சைச் சாறு, ஃபிஷ் சாஸ் ஊற்றுங்கள். கடைசியில் தக்காளி, பப்பாளி, கடலை.

இங்கேதான் பலரும் சொதப்புவார்கள். ஈசானில் மண் உரலும் மர உலக்கையும்தான். நம் கல் உரலில் ஓங்கி இடித்தால் துவையலாகிவிடும். பப்பாளியைப் போட்டதும் மரக்கரண்டியால் லேசாகத் தட்டி, புரட்டினாலே போதும். உடனே சாப்பிடுங்கள்; வைத்திருந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

யார் தவிர்க்க வேண்டும்?

மட்டனை மெதுவாக்குவது காயின் பாலில் உள்ள ‘பப்பெயின்’ என்ற நொதி. கர்ப்பிணிகள் பப்பாளிக்காய் சாப்பிடக் கூடாது என்று பாட்டிகள் சொல்வது வெறும் பயமா? சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பழுத்த பழத்தால் பாதிப்பு தெரியவில்லை. ஆனால், காயின் பால் கர்ப்பப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. 10 நிமிடம் ஊறவைத்தால் பால் முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. அதனால் கர்ப்பிணிகளும், ரப்பர் பால் அலர்ஜி உள்ளவர்களும் இதைத் தொட வேண்டாம்.

அவர்களுக்கும் வழி உண்டு. பப்பாளிக்குப் பதில் கேரட், வெள்ளரிக்காயைத் துருவிப் போடுங்கள். தாய்லாந்திலும் வெள்ளரிக்காய் ‘தாம்’ உண்டு!