கபடியில் ஒற்றை போனஸ் புள்ளி, பெரிய வேட்டைக்கு வழி திறப்பது எப்படி?

கபடியில் பாடி வருபவர் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி எடுக்கலாம். எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருக்கும்போது, போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கினால் போதும். இதனால் எதிரணியில் யாரும் வெளியேறுவதில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்த ஆளும் உள்ளே வருவதில்லை. பார்க்க அற்பமான புள்ளிதான்.

பிறகு ஏன் எதிரணிக்கு அதன்மேல் இவ்வளவு பயம்?

நீடாமங்கலத்து வயலில் வரப்பில் நண்டு வளை விழுந்தால் நீர் கசியும். கசிவு சிறிது என்று விட முடியாது. அடைக்க ஒருவர் குனிந்தே ஆக வேண்டும். போனஸும் அப்படித்தான். இரண்டு முறை கொடுத்தபின் மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்க முன்னே எட்டுகிறார். உடல் எடை முழுதும் முன்காலுக்கு வந்துவிடுகிறது. அந்த நொடியில் அவரால் பின்வாங்க முடியாது.

போனஸுக்குப் போவதுபோல் நீண்ட கால் அப்போது சட்டென்று திரும்பி அவரையே தொடுகிறது. பக்கத்து ஆளுடன் கைகோத்திருந்தால் அவரும் இழுபட்டுத் தடுமாறுவார். இருவரையும் தொட்டுத் திரும்பினால் இரண்டு புள்ளி.

ஆனால் போனஸை உண்மையிலேயே அவ்வப்போது எடுப்பவரின் பாசாங்குதான் பலிக்கும். 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமையேற்றுப் புரோ கபடி பட்டம் வென்ற தஞ்சைப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் போன்ற பழுத்த தடுப்பாளரிடம் வெறும் மிரட்டல் எடுபடாது.

எதிரணி ஐந்து பேராகக் குறைந்ததும் போனஸ் கிடையாது. இந்த வித்தையும் அத்துடன் முடங்கிவிடும்.