தொண்டும் ஊதியமும்: திருச்சபை மருத்துவமனைகளில் செவிலியர்

நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கிக்கும் நாம் பெரும்பாலும் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டும் காட்சியோடு நின்றுவிடுகிறோம். அதற்கடுத்த வசனம், அதாவது லூக்கா 10:35, போதிய கவனம் பெறுவதில்லை. மறுநாள் சமாரியன் இரண்டு பணத்தைச் சத்திரத்தான் கையில் கொடுக்கிறான். அதற்கு மேற்பட்ட செலவையும் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறான். மத்தேயு 20ஆம் அதிகாரத்தின்படி ஒரு பணம் என்பது ஒரு நாட் கூலி. காயப்பட்டவனை இரவும் பகலும் பார்த்துக்கொள்பவனிடம், இதைத் தருமமாகச் செய்துவிடு என்று சமாரியன் கேட்கவில்லை. அதே அதிகாரத்தின் 7ஆம் வசனம் வேலையாளின் கூலியைப் பற்றிப் பேசுவதும் நினைக்கத்தக்கது.

இவ்வசனத்தை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. திருச்சபை மருத்துவமனைகளில் ஊதியம், ஓய்வு, பணிநேரம் பற்றிச் செவிலியர் பேச முற்படும்போது, ‘இது தொழிலன்று, தொண்டு’ என்னும் விடை கிடைப்பதுண்டு. இவ்விடை எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது நம் கடமை.

1836இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் தியோடர் ஃபிளீட்னர் என்ற போதகர் டீக்கனஸ் சகோதரிகளுக்கான இல்லத்தையும் மருத்துவமனையையும் நிறுவினார். புராட்டஸ்தாந்து செவிலியர் பணியின் ஊற்று அதுவே எனலாம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் 1851இல் ஏறத்தாழ மூன்று மாதம் அங்குத் தங்கிப் பயின்றார். அச்சகோதரிகள் சம்பளம் பெறவில்லை என்பதை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். அதன் மறுபாதியை மறந்துவிட்டோம். உணவு, உடை, உறைவிடம், நோயுற்றால் பராமரிப்பு, முதுமையில் அடைக்கலம் ஆகிய அனைத்தையும் வாழ்நாள் முழுமைக்கும் ‘தாய் இல்லம்’ பொறுப்பேற்றிருந்தது. ஆக, அது இருபுறமும் கடமை கொண்ட உடன்படிக்கை. இன்று நாம் அவர்களைச் ‘சிஸ்டர்’ என்று அழைப்பது இத்தகைய சகோதரி இல்லங்களை நினைவூட்டும் சொல். சொல் மட்டும் நிலைத்துவிட்டது. இல்லம் அளித்த பாதுகாப்பு நிலைக்கவில்லை.

நம் நாட்டில் பிறர் உடலையும் கழிவையும் தொடும் பணி தீட்டாகக் கருதப்பட்டது. எனவே சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இப்பணிக்கு அனுப்பத் தயங்கின. மிஷன் விடுதிகளில் வளர்ந்த பெண்களும், விதவைகளும், ஏழைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களுமே முதலில் முன்வந்தனர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று; 1946இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. அதே 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்ததாகக் கணக்கிட்டது. அக்காலச் செவிலியருள் பெரும்பகுதியினர் கிறிஸ்தவப் பெண்களே. இதை நாம் பெருமையுடன் கூறுகிறோம், கூறத்தக்கதே. ஆனால் எதிர்த்துக் கேட்க யாருமற்ற பெண்களின் உழைப்பின் மீதும் அம்மருத்துவமனைகள் எழுந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வதே முழு வரலாறு.

பின்னர் வெளிநாட்டு நிதி குறைந்தது. மருத்துவமனைகள் நோயாளியின் கட்டணத்தைக் கொண்டே வாழவேண்டியதாயிற்று. கருவிகளின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. தமிழகத்தில் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகளுக்குப் பெரும் உதவியாயின என்பதில் ஐயமில்லை. எனினும் இத்தகைய திட்டங்களில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மொத்தத் தொகையே உண்டு. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்ததற்கும், நள்ளிரவில் அருகமர்ந்து தேற்றியதற்கும் தனித் தொகை கிடையாது. ஆகவே செலவைச் சுருக்க முனையும் நிர்வாகத்தின் கை முதலில் செவிலியர் எண்ணிக்கை மீதே விழுகிறது.

இதன் விளைவு எளிய கணக்கு. பொது வார்டில் போதனா மருத்துவமனையாயின் மூவருக்கும், பிற மருத்துவமனையாயின் ஐவருக்கும் ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். அசைய இயலாத நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டாவிடில் படுக்கைப்புண் உண்டாகும். முப்பது படுக்கைகளுக்கு ஒருவரே நிற்கும் இரவில், ஊசி, மருந்து, சொட்டு மருந்துப் புட்டி, பதிவேடு ஆகியவற்றுக்கு நடுவே இப்பணி விடுபடுவது அவருடைய அன்புக் குறைவினால் அன்று.

ஊதிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அளித்த உத்தரவின்படி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. இருநூறுக்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தரவேண்டும் என்றும், ஐம்பதுக்குக் குறைந்தவையும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகாது. கேரளம் செவிலியரின் நீண்ட போராட்டத்திற்குப் பின் 2018இல் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்தது. கல்விக் கடனைத் தீர்க்க வழியின்றிக் கடல் கடப்போர் பலர். 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கிடையே சிக்கி மீண்ட 46 இந்தியச் செவிலியருள் சிலர், கடனை எண்ணித் தாயகம் திரும்பவே தயங்கினர் என்று செய்திகள் கூறின. பணத்தாசையால் ஓடுகிறார்கள் என்று மேடையில் கடிந்துரைப்போர் இதை நினைப்பார்களாக.

மருத்துவமனையின் பக்கமும் நியாயம் உண்டு. முழு ஊதியம் கொடுத்தால் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறினால் எந்த ஏழைக்காகக் கதவு திறக்கப்பட்டதோ அவனே வெளியே நிற்பான். ஆனால் உவமையில் சத்திரத்தானுக்கும் காயப்பட்டவனுக்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான், செலவு அவனுடையது. நம் ஏற்பாட்டில் அவ்விடம் காலியாக உள்ளது. ஏழை நோயாளிக்கு அளிக்கும் சலுகையை இன்று உண்மையில் தாங்குபவர் குறைந்த சம்பளம் பெறும் செவிலியரே. காணிக்கை செலுத்தும் சபையன்று. ஒவ்வொரு சேகரமும் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட தொகையை ஏழை நோயாளிகளின் கட்டணத்திற்கென ஒதுக்குமாயின், தள்ளுபடியின் பாரம் ஊதியப் பட்டியலின் மேல் விழாது.

மருத்துவமனை நிர்வாகக் குழுக்களில் நம் ஆயர்கள் பலர் அமர்ந்திருக்கின்றனர். புதிய கட்டடத்தின் வரைபடம் மேசைக்கு வரும் நாளிலேயே, இரவுப்பணி அட்டவணையையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு வார்டுக்கும் எத்தனை பெயர்கள் எழுதப்பட்டுள்ளன, அவற்றுள் பதிவுபெற்ற செவிலியர் எத்தனை பேர், பயிற்சி மாணவியர் எத்தனை பேர் என்பது அந்த ஒரு தாளிலேயே இருக்கும்.